முந்நூற்று அறுபத்திரண்டு வகுப்புகள்

ஏப்ரல் 9, புதன். சாமராஜநகர். ரூ. 0
ஏப்ரல் 15, செவ்வாய். கொள்ளேகால். ரூ. 0
ஏப்ரல் 23, புதன். ஈரோடு. ரூ. 482
ஏப்ரல் 29, செவ்வாய். மண்டியா. ரூ. 0
மே 6, செவ்வாய். பெங்களூரு. ரூ. 0
மே 8 முதல் 11 வரை. கோபிநத்தம். ரூ. 0
மே 21, புதன். தெரியாது.
மே 26, திங்கள். ஹனூர். ரூ. 0

2025-ஆம் ஆண்டுக் கோடையில், மைசூர் விஜயநகரில் எங்கள் மாடி வீட்டில் குடியிருந்த தமிழ்ப்ரியா போய்வந்த ஊர்கள் இவை. கர்நாடக எல்லையோரம் இருக்கும் கோபிநத்தம் அவள் சொந்த ஊர். மற்றவை எல்லாம் வேலை தேடிப் போனவை. கர்நாடக அரசுப் பேருந்தில் மாநிலத்துக்குள் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் சுழியம் அச்சிட்ட டிக்கெட் ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார். எல்லை தாண்டினால் முழுக் கட்டணம். அதனால்தான் ஈரோட்டுக்கு மட்டும் ஒரு தொகை இருக்கிறது.

மாடி வீட்டுக்கு ஒரே சாவிதான். இரண்டாவது சாவி 2023 நவம்பரில் பூட்டுக்குள்ளேயே முறிந்துவிட்டது. தமிழ்ப்ரியாவும் அவள் அண்ணன் கவின்ராஜும் அங்கே இருந்தார்கள். அவன் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்த்தான். ஆகவே யார் வெளியே போனாலும் சாவி எங்கள் வீட்டுக்கு வரும். கொடுக்கும்போது எங்கே போகிறாள் என்று சொல்லுவாள். திரும்பி வந்து வாங்கும்போது கையில் கசங்கியிருக்கும் டிக்கெட்டை எங்கள் கூடையில் போடுவாள். நான் இரண்டையும் மோட்டர் நோட்டில் குறித்துக்கொள்வேன். கையெழுத்து வாங்குவது ஒன்றுதான் பாக்கி என்று என் மனைவி லீலா சொல்லுவாள்.

மோட்டர் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரைத்தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டர் 2016-இல் நிறுத்த மறந்து எரிந்துபோனது. அன்றிலிருந்து போட்ட நேரமும் நிறுத்திய நேரமும் அந்த நோட்டில் இருக்கும். தமிழ்ப்ரியா 2022 ஆகஸ்டில் குடிவந்தாள். இசைப் பல்கலைக்கழகத்தில் வாய்ப்பாட்டில் முதுகலை முடித்திருந்தாள். செப்டம்பர் 5, திங்கள்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாடியில் முதல் வகுப்பு. ஏழு குழந்தைகள். ஐந்து இருபதுக்கு அவளே படியிறங்கி வந்தாள்.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. மோட்டர் ஓடுனா குழந்தைங்க அதோட சுருதிக்குப் போயிடுதுங்க. நான் ஐந்தரைக் கட்டை வெச்சிருக்கேன். மோட்டர் அதுக்குக் கொஞ்சமே கொஞ்சம் கீழ நிக்குது. தூரமா நின்னா பரவால்லீங்க, பக்கத்துல நின்னு இழுக்குது."

நான் நிறுத்தினேன். அதன்பின் திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்து முதல் ஆறரை வரை மோட்டர் போடுவதில்லை. நிறுத்தி வைத்த நாளுக்கு எதிரே 'வகுப்பு' என்றும், எத்தனை பிள்ளைகள் என்றும் எழுதுவேன். வகுப்பு இல்லாத நாளில் வழக்கம்போல் நேரம் மட்டும்.

இரண்டரை ஆண்டுகள் அப்படியே போயின. 2025 மார்ச்சில் கவின்ராஜுக்கு ஓசூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஜூன் பத்தாம் தேதிக்குள் அவன் அங்கே இருக்க வேண்டும். வீட்டு வாடகை அவன் கொடுத்துவந்தது. பதினொரு பேர் வரை கூடியிருந்த பிள்ளைகள் அப்போது ஐந்தாகக் குறைந்திருந்தார்கள். மற்றவர்கள் கணக்கு டியூஷனுக்கும் நீச்சலுக்கும் போய்விட்டார்கள். ஐந்து பிள்ளைகளின் சம்பளத்தில் அவள் மைசூரில் தனியாக இருக்க முடியாது.

கவின்ராஜ் பொறுப்பான பையன். ஹுன்சூர் சாலையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் சுப்பையா என்பவரிடம் தங்கைக்குப் பில் போடும் வேலை பேசி வைத்தான். ஜூன் 9, திங்கள்கிழமை சேர வேண்டும். அதுவரை இடத்தைக் காலியாக வைத்திருப்பதாக சுப்பையா ஒத்துக்கொண்டார். அதற்குள் எங்காவது பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை வேலை கிடைத்தால் போய்விடலாம், கிடைக்காவிட்டால் டைல்ஸ் கடை என்று அண்ணனும் தங்கையும் எங்கள் வாசலில் நின்று பேசி முடித்தார்கள்.

"ஏசி ரூமு, கம்ப்யூட்டரு. வெயில்ல அலையற வேலை இல்ல அம்முணி," என்றான் அவன்.

"டைல்ஸுக்கும் சுருதி இருக்குதுண்ணா. தட்டிப் பாத்தாத் தெரியும்," என்றாள் அவள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பாட்டை விட்டு ஒரு வருடம் பில் போட உட்கார்ந்தால் மறுபடி யாரும் தன்னை ஆசிரியை என்று கூப்பிடமாட்டார்கள் என்று அன்று மாலை லீலாவிடம் சொன்னாள். சொல்லும்போது குரல் உயரவில்லை. ஆனால் அவள் கொண்டுவந்த காப்பி டம்ளர் கழுவாமலேயே எங்கள் மேசையில் இருந்துவிட்டது. அவள் அப்படி விட்டுப் போகிறவள் அல்ல.

முதல் பயணம் சாமராஜநகர். அங்கே பாட்டு வாரத்துக்கு மூன்று பீரியட்தான், மீதி நேரத்துக்கு நூலகமும் உடற்பயிற்சியும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்களாம். முடியும் என்றாள். விசில் ஊதத் தெரிந்த இன்னொருவர் வரிசையில் இருந்தார். கொள்ளேகாலில் நேர்முகத் தேர்வுக்கு முன்பே இடம் நிரம்பியிருந்தது. அதைச் சொல்ல ஒரு போன் போட்டிருக்கலாம் என்று லீலா கோபப்பட்டாள். டிக்கெட் சுழியம்தானே ஆன்ட்டி என்று தமிழ்ப்ரியா சமாதானம் சொன்னாள்.

ஈரோட்டுப் பள்ளியைத்தான் அவள் மிகவும் நம்பியிருந்தாள். பெரிய பள்ளி. விளம்பரத்தில் தமிழ்ப் பாடல்கள் கற்பிக்கத் தெரிந்தவர் என்று போட்டிருந்தது. அதிகாலைப் பேருந்தில் திம்பம் மலையின் இருபத்தேழு வளைவுகளும் இறங்கிப் போனாள். பாடிக் காட்டினாள், பிடித்திருந்தது. அடுத்து ஏழாம் வகுப்பில் ஒரு பாட்டு சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். தாளாளர் பின்வரிசையில் உட்கார்ந்தார்.

நடந்ததை அவளே மறுநாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். முருகன் மேல் ஒரு சின்னப் பாட்டு, நான்கு வரி. பாடிக்கொண்டே திரும்பிக் கரும்பலகையில் எழுதினாள். மூன்றாவது வரிக்கு வரும்போது பின்னால் குசுகுசுவென்று பேச்சு. ஒரு பெண் சத்தமாகவே சொல்லிவிட்டாள்:

"ஏய், மிஸ் ஜிலேபி சுத்தறாங்கடீ."

பலகையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பாட்டு தமிழ், எழுத்து கன்னடம்.

கோபிநத்தத்தில் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படிப்பது கன்னடம். அவள் பாட்டு நோட்டுகள் எல்லாமே அப்படித்தான். தெலுங்குப் பாட்டும் கன்னட எழுத்து, சமஸ்கிருதமும் கன்னட எழுத்து, தமிழும் கன்னட எழுத்து. தமிழைப் பஸ் பலகை படிக்கும் அளவுக்குப் படிப்பாள். எழுதுவதென்றால் ஒவ்வோர் எழுத்தாக நின்று நின்று வரும். பாடும் வேகத்தில் கை தனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டது.

தாளாளர் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்: "தமிழ்ப்ரியான்னு பேரு. தமிழ் எழுத வராதாம்மா?"

"பேரு எங்கப்பா வெச்சதுங்க. பள்ளிக்கூடம் சர்க்கார் வெச்சதுங்க," என்று சொல்லியிருக்கிறாள்.

அவர் சிரித்தாராம். வேலை கிடைக்கவில்லை. இதைக் கேட்டு லீலா கண்ணில் நீர் வரச் சிரித்தாள், பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு "ஹோக்லி, போகட்டும் விடும்மா, அவங்களுக்குக் குடுத்து வெக்கல" என்றாள். தமிழ்ப்ரியாவும் சிரித்தாள். ஆனால் மண்டியாவுக்கும் பெங்களூருக்கும் போனபோது முன்போல் இல்லை. அந்த இரண்டு இடங்களிலும் பெயரைப் பார்த்ததும் கன்னடம் வருமா என்றுதான் முதலில் கேட்டார்களாம். கேட்டவர்களைவிட நன்றாகவே பதில் சொன்னாள். அங்கே எழுதக் கேட்டால் எழுதியிருப்பாள், ஆனால் யாரும் கேட்கவில்லை. மண்டியாவில் கீபோர்டு வாசிக்கத் தெரிந்தவர் வேண்டுமாம். பெங்களூரில் தங்க இடம் தரமாட்டார்களாம்.

மே எட்டாம் தேதி ஊருக்குப் போனாள். அப்பா சித்தையன் காவிரிக் கரைப் பக்கம் இரண்டு ஏக்கரில் ராகி போடுகிறவர். வேலை கிடைத்ததா என்று அவர் கேட்கவே இல்லை என்றும், கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் வந்து சொன்னாள்.

மே 14 அன்று கன்னடப் பத்திரிகையில் ஒரு விளம்பரம். ஹனூர் அருகே ஓர் உறைவிடப் பள்ளி. இசை ஆசிரியை, தங்குமிடம் உண்டு, மூன்றாண்டுக் கற்பித்தல் அனுபவம் வேண்டும், சான்று இணைக்க வேண்டும். மே 17, சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தமிழ்ப்ரியா ஒரு வெள்ளைத்தாளோடு கீழே வந்தாள். மூன்று ஆண்டுகளாக மாடியில் வகுப்பு நடத்துகிறாள் என்று வீட்டுக்காரர் என்ற முறையில் நான் எழுதித் தர வேண்டும்.

சந்தோஷமாக எழுதுகிறேன் என்று மோட்டர் நோட்டுகளை எடுத்தேன். மூன்று நோட்டுகள். எண்ணி முடிக்க மதியம் ஆகிவிட்டது. முதல் வகுப்பு 2022 செப்டம்பர் 5. அன்றைய தேதி வரை இரண்டு ஆண்டு, எட்டு மாதம், பன்னிரண்டு நாள். நடந்த வகுப்புகள் 362. அதைத்தான் எழுதினேன். வகுப்பு நேரம், பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிய மாதம், குறைந்த மாதம், இந்த விவரங்கள் மோட்டர் நோட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்ற குறிப்பு, எல்லாம் சேர்த்து ஒரு பக்கம்.

அவள் படித்தாள். கன்னடத்தில்தான் எழுதியிருந்தேன்.

"நாலு மாசந்தானுங்களே குறையுது அங்கிள்."

மூன்று மாதம் பதினெட்டு நாள் என்றேன். அது அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. நான் பார்த்ததற்குத்தான் நான் கையெழுத்துப் போட முடியும் என்று விளக்கினேன்.

"நீங்க எழுதுனா யாருக்கும் நஷ்டமில்லீங்க. ஒருத்தரும் வந்து எண்ணிப் பாக்கப் போறதில்ல."

நான் பேனாவை மூடி வைத்தேன். தாளை மடித்து எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலை லீலா என்னிடம் பேசியதை முழுவதும் இங்கே எழுதவில்லை. ஒரு பெண்ணின் வேலையைவிட உங்களுக்கு மோட்டர் பெரிதா என்பது அதன் சுருக்கம்.

மே 21 அன்று தமிழ்ப்ரியா சாவியை எங்களிடம் கொடுக்கவில்லை. எதிர்வீட்டு மாணிக்கவாசகத்திடம் கொடுத்துவிட்டுப் போனாள். மாலையில் அங்கேயே வாங்கிக்கொண்டு மேலே போனாள். பட்டியலில் அந்தத் தேதிக்கு எதிரே அதனால்தான் 'தெரியாது' என்று இருக்கிறது.

எங்கே போனாள் என்பது பின்னால் தெரிந்தது. அவளிடம் படித்த ஒரு பிள்ளையின் தகப்பனார் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வீடு மாறிப் போயிருந்தார். அவரிடம் போய், மூன்று ஆண்டுகள் கற்பித்தாள் என்று இரண்டு வரியில் ஒரு சான்று வாங்கி வந்திருக்கிறாள். இப்போது அவளிடம் இரண்டு தாள்கள் இருந்தன.

மே 26 காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் மணி அடித்தது. சாவியோடு நின்றாள். "ஹனூர் போறேனுங்க அங்கிள்," என்றாள். ஜாக்கிரதையாகப் போய்வா என்றேன்.

அங்கே நடந்ததை அன்று மாலை ஏழு மணிக்குத் திரும்பியதும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சொன்னாள். தலைமையாசிரியை ஐம்பது வயதுக்காரர், கன்னடக்காரர். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு அனுபவச் சான்று எங்கே என்று கேட்டிருக்கிறார். இரண்டும் கைப்பையில் இருந்தன. தமிழ்ப்ரியா என்னுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

ஏன் என்று லீலா கேட்டாள்.

"ரெண்டு வரி பேப்பர்ல மூணு வருஷம்னு இருந்துச்சுங்க ஆன்ட்டி. அதுக்கு மேல ஏதாச்சும் கேட்டா எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. அங்கிள் பேப்பர்ல எல்லாம் நான் செஞ்சது."

தலைமையாசிரியை முழுப் பக்கத்தையும் படித்திருக்கிறார். மோட்டர் நோட்டு என்ற இடத்தில் நிறுத்தி, இது என்ன என்று கேட்டிருக்கிறார். ஐந்தரைக் கட்டையையும், பக்கத்தில் நின்று இழுக்கும் மோட்டரையும் தமிழ்ப்ரியா விளக்கியிருக்கிறாள். அவர் எழுந்து, அலுவலக மின்விசிறியை நிறுத்தி, பிறகு போட்டு, அது எந்தக் கட்டையில் நிற்கிறது என்று கேட்டாராம். அது எந்தக் கட்டையிலும் நிற்கவில்லை, எண்ணெய் விட வேண்டும் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

பிறகு வகுப்பு. விடுமுறை ஆனாலும், ஊருக்குப் போக முடியாத பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் விடுதியில் இருந்தார்கள். பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், பாதிப் பேர் கன்னடம். எழுதப் படிக்க எல்லோருக்கும் தெரிந்தது கன்னடம் ஒன்றுதான். தமிழ்ப் பாட்டு ஒன்று சொல்லிக்கொடுங்கள், இங்கே இதுவரை யாரும் செய்ததில்லை என்றார் தலைமையாசிரியை. பாட்டைப் பலகையில் எப்படிப் போடுவது என்று தெரியாமல்தான் முன்பு இருந்தவர்கள் விட்டுவிட்டார்களாம்.

தமிழ்ப்ரியா அதே முருகன் பாட்டை எடுத்தாள். பலகைப் பக்கம் திரும்பும்போது கை ஒரு நிமிடம் நின்றதாம். பிறகு தன் நோட்டில் இருப்பதுபோலவே நான்கு வரியையும் எழுதினாள். எழுதி முடிக்கும் முன்பே பின்னால் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "மிஸ், இது எங்கூட்டுப் பேச்சு," என்றாள்.

இதைக் கேட்டுவிட்டு லீலா உள்ளே போய்த் தோசைக்கல்லைப் போட்டாள்.

முதல் கடிதம் ஜூன் 3, செவ்வாய்க்கிழமை வந்தது. உங்கள் வகுப்பு எங்களுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் விதிப்படி மூன்றாண்டு அனுபவம் தேவை, உங்கள் சான்றின்படி அது குறைகிறது. ஆட்சிக்குழுவின் முடிவுக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவைத் தபாலில் தெரிவிப்போம். எந்தத் தேதிக்குள் என்று இல்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் படித்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். நானும் படித்தேன். நான் எழுதிய தாளால்தான் அது நின்றுபோயிருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தாளைக் கொடுத்திருந்தால் அந்த வாரமே உத்தரவு வந்திருக்கும். அதை நானே அவளிடம் சொன்னேன்.

"குடுத்தது நானுங்களே," என்றாள் தமிழ்ப்ரியா. கடிதத்தை வாங்கிக்கொண்டு மேலே போனாள். மறுநாள் புதன்கிழமை, ஐந்து பிள்ளைகளும் வந்தார்கள். மோட்டர் நிறுத்தினேன். 'வகுப்பு' என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை வகுப்பின் முடிவில், அடுத்த வாரம் முதல் வகுப்பு இல்லை என்று பிள்ளைகளிடம் அவள் சொன்னது கீழே கேட்டது. மே 17-க்குப் பின் நடந்தவற்றையும் சேர்த்தால் மொத்தம் 369.

ஞாயிற்றுக்கிழமை கவின்ராஜ் ஓசூருக்கு மூட்டை கட்டினான். ஜூன் 9, திங்கள்கிழமை தமிழ்ப்ரியா டைல்ஸ் கடையில் சேர்ந்தாள். மாத முடிவில் வீட்டைக் காலி செய்து, பெண்கள் விடுதிக்குப் போவதாகச் சொன்னாள்.

கடையில் இரண்டாம் நாளே ஒன்று நடந்தது. பெட்டி பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பில் மேசையிலிருந்து தமிழ்ப்ரியா, அந்த மூன்றாவது சரியில்லை என்றாளாம். அடுக்கும்போது வந்த சத்தத்தை வைத்துச் சொன்னது. எடுத்துப் பார்த்தால் மயிரிழை விரிசல். சுப்பையா சோதிப்பதற்காக இன்னும் பத்துப் பெட்டியைத் தட்டச் சொல்லி அவளைக் கண்ணை மூடி உட்காரவைத்தார். நான்கு டைல்ஸைக் கண்டுபிடித்தாள். நான்கும் சரி. சுப்பையா அவளைப் பில் மேசையிலிருந்து எழுப்பிக் கிடங்குக்குப் பொறுப்பாகப் போடப்போவதாகச் சொன்னார். "பாட்டு படிச்சது வீண்போகலைம்மா" என்று பாராட்டினாராம். இதை அவள் எங்களிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டே சொன்னாள். லீலா சிரிக்கவில்லை, நானும்தான்.

வியாழக்கிழமை பகலில் தபால்காரர் வந்தார். பதிவுத் தபால். அவள் கடையில் இருந்தாள், நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உறையில் பள்ளியின் பெயர் இருந்தது. பிரிக்கவில்லை. அவளுக்குப் போன் செய்தேன்.

"நீங்களே பிரிச்சுப் படிச்சிடுங்க அங்கிள்," என்றாள். பின்னால் டைல்ஸ் அடுக்கும் சத்தம் கேட்டது. இங்கே மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் இரு என்று சொல்லிப் போய் நிறுத்திவிட்டு வந்தேன். லீலா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

படித்தேன். ஜூன் 16 முதல் தற்காலிக இசை ஆசிரியையாக நியமனம். சான்றில் குறையும் காலத்தைப் பள்ளியிலேயே நிறைவு செய்ய வேண்டும். நிறைவானதும், அதாவது நான்கு மாதத்தில், அக்டோபர் 16 முதல் பணி நிரந்தரம். தங்குமிடம் உண்டு. கடைசியில் தலைமையாசிரியை தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: மின்விசிறிக்கு எண்ணெய் விட்டாயிற்று.

அக்டோபர் என்று வருகிற வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"சுப்பையா சார்கிட்டச் சொல்லணும்," என்றாள். "அண்ணனுக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "அங்கிள், வந்த தேதியை நோட்டுல போட்டுக்குங்க," என்றாள்.

போட்டுக்கொண்டேன். 2025 ஜூன் 12, வியாழக்கிழமை, பகல் 12.40.